மொட்டை மாடிக்குக் கீழே வாடகை வீடு: 2 டன் ஏசி வாங்கினால் சூடு போகுமா?

ஏப்ரல் 8, 2024 (வந்த கேள்வி)

மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி. மேலே மொட்டை மாடிதான். வாடகை வீடு. 10க்கு 12 படுக்கையறையில் ஓனர் போட்டுக் கொடுத்த பழைய 1.5 டன் ஏசி இருக்கிறது. 18-ல் வைத்தாலும் அறை 30-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. இரவு 11 மணி வரை அனல். 2 டன் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். காசு நான் போட வேண்டுமா, ஓனரா?

ஏப்ரல் 8, இரவு 11.15

வாங்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள்.

ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இந்த நேரத்திலும் வெதுவெதுப்பாக இருந்தால் உங்கள் பிரச்சினை ஏசியில் இல்லை, தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட்டில் இருக்கிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் அதைச் சாயங்காலத்துக்கு மேல்தான் அதிகமாக உள்ளே இறக்கும். வெளியே கடற்காற்று வீசும் நேரத்தில் நம் அறைக்குள் அடுப்பு மூட்டியது போல் இருப்பது அதனால்தான்.

நங்கநல்லூரில் இதே மாதிரி வீட்டில் ஒன்பதாவது வருஷமாக இருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நாளை அலுவலகம் இருக்கிறது.

ஏப்ரல் 9, இரவு 9.50

முதலில் டன் கணக்கு. 1 டன் என்றால் ஏசியின் எடை என்று கடையில் நிற்கும் பாதிப் பேர் நினைக்கிறார்கள். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் திறன்தான் 1 டன். ஐஸ் விற்ற காலத்துக் கணக்கு, இன்னும் மாறவில்லை.

120 சதுர அடி அறைக்கு, அது நடு மாடியில் இருந்தால், 1 டன்னே போதும். மேல் மாடி என்பதால் 1.5 டன். உங்களிடம் 1.5 ஏற்கெனவே இருக்கிறது. அதற்கும் மேலே 2 டன் போட்டால் கூரை அனுப்பும் சூட்டோடு மல்லுக்கட்டுவதற்கு மட்டும் மாதாமாதம் மின்சாரக் கட்டணம் கட்டுவீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்வெர்ட்டர் வகை (தேவைக்கேற்ப வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏசி) அல்லாத பெரிய ஏசியைச் சின்ன அறையில் போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தை இழுக்க ஏசி நிதானமாகத் தொடர்ந்து ஓட வேண்டும். நின்று நின்று ஓடினால் அறை குளிர்ந்தும் உடம்பு பிசுபிசுக்கும்.

18-ல் வைப்பதால் அறை சீக்கிரம் குளிராது. சாதாரண ஏசி எதில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18 என்பது எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளை மட்டும்தான். உங்கள் அறையில் அது நிற்கவே போவதில்லை. 2020 ஜனவரி முதல் வரும் ஏசிகளை ஆன் செய்தால் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு.

ஏப்ரல் 10

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்து உங்களுக்கு ஏதாவது கிடைக்கும்.

தை மாதம் வீடு பார்த்தோம். உள்ளே நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது, நல்ல காற்று, மேலே யாருடைய காலடிச் சத்தமும் கிடையாது. உடனே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். சித்திரை பிறந்ததும் தெரிந்தது. பெரியவளுக்கு அப்போது இரண்டு வயது, முதுகெல்லாம் வேர்க்குரு. இரவு இரண்டு மணி வரை விசிறி வைத்து மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பேன். மாமியாருக்கு பிரஷர் மாத்திரை உண்டு. ஒருநாள் சாயங்காலம் சமையலறையிலிருந்து எழுந்து வந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் உப்பும் தண்ணீரும் குறைந்துவிட்டது என்று சொல்லி ட்ரிப் ஏற்றினார். அன்றைக்குத்தான் வெயில் என்பது பொறுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை என்று எனக்கு உறைத்தது. வயதானவர்கள், கைக்குழந்தை, மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கும் வீட்டில் கூரைச் சூடு ஒரு நோய் மாதிரிதான்.

மறுநாளே தவணையில் ஏசி வாங்கினோம். அந்தக் கோடை முழுக்க அது ராத்திரி முழுவதும் நிற்காமல் ஓடியது. அறை 29-ல் நின்றது. உங்களுக்கு 30, எங்களுக்கு 29. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உடனடி நிவாரணம் வேண்டுமென்றால் சாயங்காலம் மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், ஈரச் சாக்கு விரியுங்கள். இரவுக்குள் தளம் ஆறிவிடும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். மேலே நான் எழுதிய கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு கோடை முழுக்க ஈரச் சாக்கு விரித்தோம், குளிர்ச்சி கிடைத்தது உண்மை. ஆனால் ஐப்பசி மழையில் படுக்கையறை சீலிங்கில் ஒரு தட்டு அகலத்துக்குக் கறை. எங்கள் மாடியில் பதித்திருந்த தட்டை ஓடு பெயர்ந்திருந்த இடத்தில் தினமும் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிவரை போனால் துருப்பிடித்து, காரை உப்பி, பெயர்ந்து விழும். கட்டிலுக்கு நேர் மேலே அந்தக் கறை. ஓனருக்கும் எங்களுக்கும் முதல் மனஸ்தாபம் வந்தது அதனால்தான், அவர் பக்கம் நியாயமும் இருந்தது.

சுருக்கியும் (ஓட்டுக்கு அடியில் போடும் செங்கல், சுண்ணாம்புக் கலவை) தட்டை ஓடும் நன்றாக இருக்கும் மாடி என்றால் பரவாயில்லை. வாடகைக்கு இருக்கும் நமக்கு அது எப்படித் தெரியும்? அப்புறம், ஏப்ரலில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் தினமும் நாலு வாளியை மாடியில் கொட்ட எனக்கு மனசு வராது.

தெர்மோகோலை சீலிங்கில் ஒட்டலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். வெறும் தெர்மோகோல் சட்டென்று தீப்பிடிக்கும், எரிந்து சொட்டும். ஜிப்சம் பலகை போட்டு மூடிச் செய்தால் வேறு கதை, ஆனால் அந்தச் செலவை வாடகை வீட்டில் நாம் செய்ய முடியாது. மாடியில் கீற்றுக் கொட்டகை போடுவது குளுமையிலும் குளுமைதான். ஆனால் தீப்பற்ற தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். நெருக்கமாக வீடுகள் இருக்கும் தெருவில் அதைப் போடச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 20

நேற்று ஓட்டுப் போட வரிசையில் நின்றபோது வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வந்து எங்கள் மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடிந்தது. மாடித்தரையில் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கியிருப்பதால்தான். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். உங்களுக்கும் நான் சொல்லும் வழி அதுதான்.

எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். எங்கள் தளம் ஏறக்குறைய 600 சதுர அடி. கிளிஞ்சல் சுண்ணாம்பு 25 கிலோ, வெள்ளை சிமெண்ட் 5 கிலோ, ஃபெவிகால் 1 கிலோ. முதல் நாள் மாடியைப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். அழுக்கின் மேல் அடித்தால் இரண்டே வாரத்தில் செதில் செதிலாக வந்துவிடும். சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அடிக்கும் நேரத்தில் சிமெண்டும் பசையும் கலந்து, தென்னந் துடைப்பத்தாலோ பெரிய பிரஷ்ஷாலோ இரண்டு கோட். முதல் கோட் நீர்க்க, அடுத்தது கொஞ்சம் கெட்டியாக. ஓரங்களில் கைப்பிடிச் சுவர் உள்பக்கமும் ஒரு முழம் ஏற்றி அடியுங்கள்.

கவனம்: நீற்றாத சுண்ணாம்புக் கல் தண்ணீர் பட்டதும் கொதிக்கும். பிளாஸ்டிக் வாளியில் போடக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. நீற்றிய பொடி வாங்குவதே நல்லது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். விடியற்காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அடித்த இடமே கண்ணைக் கூசும்.

பலன்? எங்கள் ஏசி மெக்கானிக் சூடு அளக்கும் கருவி வைத்திருந்தார். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டினார்களே, அந்த மாதிரி, ஆனால் இது பொருட்களுக்கு. (நெற்றிக்கானது 43-க்கு மேல் காட்டாது, அதை வைத்து மாடியை அளக்க முடியாது.) சுண்ணாம்புக்கு முன் மதியம் இரண்டு மணிக்கு மாடித்தரை 58. இரவு எட்டு மணிக்கு எங்கள் சீலிங் 40. சுண்ணாம்பு அடித்து நாலு நாள் கழித்து அதே மாதிரி வெயில் நாளில் தரை 43, சீலிங் 35. ஏசி அன்று இரவு ஒன்பதரைக்கே நின்று நின்று ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் போர்வை கேட்டார்கள்.

இதே வேலையைச் செய்யும் கூல் ரூஃப் பெயிண்ட் கடையில் கிடைக்கிறது, நாலைந்து வருஷம் வரும், விலை பல மடங்கு. சொந்த வீடு என்றால் அதுதான் சரி. வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு. வடகிழக்குப் பருவமழையில் பாதி கரைந்துவிடும், அடுத்த மாசி பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும்.

ஏப்ரல் 20, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. 2003-லிருந்து நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் மாடித் தண்ணீர் கிணற்றுக்கோ சம்ப்புக்கோ போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு அடித்த வருஷம் முதல் ஒன்றிரண்டு மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுத்தான் குழாயைத் திருப்ப வேண்டும்.

ஏப்ரல் 22

"ஓனர் சம்மதிக்கவில்லை, மாடி எங்களுடையது என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, இதுதான் மேல் மாடி வாடகைக்காரர்களின் உண்மையான சிக்கல். சூடு நம் தலையில், மாடி அவர்கள் கையில்.

முதலில் அவர்கள் மாடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் ஓனர் சம்மதிக்காததற்குக் காரணம் பணம் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் ஓனர் அம்மாவின் வடாம். சித்திரையில் அவர் ஜவ்வரிசி வடாமும் மோர் மிளகாயும் காயவைப்பார். மகள் வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்புவார். சுண்ணாம்புத் தூசி அதில் படியும் என்ற பயம். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, வேலைக்கு வரும் அக்காதான் சொன்னார். நான் அவரிடம் போய், "அம்மா, தண்ணீர் டேங்க் பக்கம் ஹாலுக்கு மேலே பத்துக்குப் பத்து விட்டுவிடுகிறோம், அங்கே அடிக்கவே மாட்டோம்" என்றேன். "அவ்வளவுதானே, அடிச்சுக்கோங்க" என்றார். அந்தச் சதுரம் இன்றைக்கும் சிமெண்ட் நிறத்தில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ஹாலில் சீலிங்கைத் தொட்டால் மற்ற இடத்தைவிடச் சூடு தெரியும். சுண்ணாம்பு வேலை செய்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அதையே காட்டலாம்.

சாமான் எங்கள் செலவு, ஆள்கூலி அவர்கள் செலவு என்று பேசி முடித்தோம். உங்களுக்கும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இனி சட்டம். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்கள் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கீசர் பழுது, கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே மாடி ஒழுகினால் ஓனரிடம் உரிமையோடு கேட்கலாம். மாடி சுடுகிறது என்பதற்கு அட்டவணையில் இடமில்லை, பேசித்தான் வாங்க வேண்டும்.

ஓனர் போட்டுக் கொடுத்த ஏசி யார் பொறுப்பு? ஒப்பந்தத்தைப் பாருங்கள். எழுதாவிட்டால் தகராறுதான். அடுத்த முறை புதுப்பிக்கும்போது மூன்று வரி சேருங்கள்: ஏசியின் பிராண்டும் வருஷமும், சர்வீஸ் செலவு யாருடையது, கம்ப்ரஸர் போனால் யார். அன்றைக்கே ஏசி ஓடுவதை ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். அதில் நேரமும் தேதியும் நிற்கும்.

ஏப்ரல் 23

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதே சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு பேச்சு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஊரில் பத்து மாதம் வாங்குவது தெரிந்ததுதான். நீங்களே ஏசி மாட்டுவதாக இருந்தால் சுவரில் ஓட்டை போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எங்கள் சித்தி பையன் காலி செய்யும்போது இரண்டரை அங்குல ஓட்டைக்காக அட்வான்ஸில் 8,000 ரூபாய் பிடித்தார்கள். சிமெண்டும் ஒரு மணி நேரக் கூலியும் போட்டால் அடைந்துவிடும் ஓட்டை. எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

மே 5

நேற்று கத்திரி ஆரம்பம். கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார்: சுண்ணாம்பு அடித்தாயிற்று, சீலிங் தொட்டால் சுடவில்லை, ஃபேன் காற்று மாறியிருக்கிறது, ஆனால் ஏசி போட்டால் இன்னும் 29. மெக்கானிக் வந்து பார்த்து கேஸ் போட வேண்டும் என்கிறார், 3,500 ரூபாய்.

முதலிலேயே நான் ஏசியையும் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். கூரைதான் காரணம் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்திருக்கிறது. மன்னிக்கவும்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வருஷம் ஆனாலும் குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் ஆடிக்குள் மறுபடி கூப்பிடுவீர்கள். வருஷா வருஷம் கேஸ் போட வேண்டும் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். நைட்ரஜன் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை வைத்துக் குமிழி வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கம், திருவான்மியூர், பெசன்ட் நகர் வீடுகளில் உப்புக்காற்று காயிலையே (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) அரித்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில. ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் கழுவி மாட்டுங்கள். வெளி யூனிட்டுக்குப் பின்னால் உள்ள காயிலில் புறா இறகும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளி யூனிட்டைத் துணி காயும் டக்ட்டுக்குள் மாட்டியிருந்தால் அது விடும் அனலை அதுவே மறுபடி இழுக்கும். அப்புறம், ஏசி இருபது நிமிஷம் ஓடிய பிறகு ஒரு சாதாரண தெர்மாமீட்டரை ஏசி காற்று இழுக்கும் மேல்பக்கமும், காற்று விடும் வாயிலும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது. 3, 4 என்றால் ஏசியில் கோளாறு. வெளி யூனிட்டில் சேரும் இரண்டு செம்புக் குழாயில் மெல்லிய குழாய் மட்டும் பனி பூத்திருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். அப்போது மெக்கானிக் சொல்வதில் உண்மை இருக்கிறது.

மே 6

அளந்து பார்த்ததில் வித்தியாசம் வெறும் 1 டிகிரியா? வெளியே விசிறி சுற்றுகிறதா? "ம்ம்" என்று ஒரு உறுமல் கேட்டு, சில நொடியில் டக் என்று அடங்குகிறதா? அப்படியென்றால் கம்ப்ரஸர் கிளம்பவே இல்லை. கேஸ் போட்டுப் பயனில்லை. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள். நீங்களே திறக்காதீர்கள், கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

மே 9

கெபாசிட்டர்தான்! கூலியோடு 850 ரூபாய். இரவு பத்து மணிக்கு 25 என்று படம் அனுப்பியிருக்கிறார். மனசு நிறைந்துவிட்டது. 2 டன் ஏசிக்கு எடுத்து வைத்த பணத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறாராம்.

அந்த கெபாசிட்டர் ஏன் போயிற்று என்றும் பார்க்க வேண்டும். கோடையில் நம் தெருக்களில் இரவு ஒன்பது மணிக்கு வோல்டேஜ் 180-க்கு இறங்கும். கம்ப்ரஸர் திணறித் திணறிக் கிளம்பும். ஸ்டெபிலைசர் இருக்கிறதா? மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் இருக்கும், எந்த ஃபேஸில் விளக்கு பிரகாசமாக எரிகிறதோ அதற்கு மாற்றலாம். எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே ஃபேஸுக்கு மாற்றினால் அதுவும் இறங்கிவிடும், அதனால் எல்லாக் குடும்பமும் பேசிக்கொண்டு செய்யுங்கள். ஏசியின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ பழுப்பேறி இருந்தாலோ அன்றைக்கே நிறுத்துங்கள். அந்த ஒயர் மாற்றுவது ஓனரின் பொறுப்பு, தயங்காமல் கேளுங்கள்.

மே 19

ஏசியே இல்லாதவர்கள் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இவர்களுக்காகத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு ஜன்னல்களை மூடிவிடுங்கள். மாமியார் "மூச்சு முட்டும்" என்பார். அவருடைய ஊர் வீட்டில் ஓடும் முற்றமும் இருந்தது, அங்கே திறந்து வைப்பதுதான் சரி. இங்கே மதியம் உள்ளே வருவது காற்று இல்லை, பக்கத்து மாடியின் அனல். சென்னையில் கடற்காற்று எழுந்ததும் (ஊருக்குள் எட்ட மதியம் ஒன்று, இரண்டு மணி ஆகும், சில நாள் அதற்கும் மேல்) கிழக்கு ஜன்னலை மட்டும் திறங்கள். அந்தக் காற்று எழாத நாள்தான் கொடுமையான நாள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றைய புழுக்கத்தை எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுவது பல மடங்கு நல்லது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான், திரை அதை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். வலை கட்டக் கைப்பிடிச் சுவரில் ஆணி அடிக்காமல் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டினால் ஓனரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னல் ஓரம் வெளியே பார்க்க வையுங்கள். எல்லோரும் உள்ளே பார்க்க வைப்பார்கள். வெளியே பார்க்க வைத்து எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்தால், தேங்கிய சூட்டை அது வெளியே தள்ள, குளிர்ந்த காற்று மறுபக்கம் தானாக வரும். சீலிங் ஃபேன் கூரைச் சூட்டை நம் மேலேயே இறக்கும் என்பதால் தளம் ஆறும்வரை டேபிள் ஃபேன்தான் உதவும்.

ஏர்கூலர்? வேலூரிலோ திருச்சியிலோ வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். சென்னையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் சரியாக ஆவியாகாது. ஆவியானால்தான் குளிர்ச்சி. மூடிய அறையில் வைத்தால் பாத்ரூமில் படுத்தது போல் இருக்கும். வெட்டிவேர் தட்டிக்கும் இதே கதைதான், வாசனை மட்டும் எந்த ஊரிலும் சுகம்.

ஜூலை 21

கோடை பில் வந்துவிட்டது, பேசலாம். மீட்டரைத் தூங்கப் போகும் முன்னும் காலையிலும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சுண்ணாம்புக்கு முந்தைய கோடையில் ஓர் இரவுக்கு 11 யூனிட். இந்த மே மாதம் சராசரி 7. இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் வித்தியாசம்.

இது ஏன் முக்கியம் என்றால், 2024 கட்டணக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று ஒரு கோடு உண்டு. முதல் 100 எல்லோருக்கும் இலவசம். 500-க்குள் இருந்தால் அடுத்த நூறு ஏறக்குறைய பாதி விலை. 501 ஆனால் அந்தச் சலுகை போய்விடும், ஒரே ஒரு யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல் கூடும். அதற்கு மேலே படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலை முதல் கட்டணமும் உயர்ந்தது.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ஒரே மீட்டரில் நாலு குடித்தனத்தை ஓட்டி, சப்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 9, 10 ரூபாய் என்று வாங்குகிறார்கள். இலவச நூறும் போயிற்று, பாதி விலையும் போயிற்று. ஒரு ஃபேன், ஒரு விளக்கு வைத்திருக்கும் வீட்டிலும் அதே விலை. குழந்தைக்கு வேர்க்குரு வந்தாலும் ஃபேனை நிறுத்தும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் "தனி மீட்டரா?" என்று கேளுங்கள்.

டிசம்பர் 22

மார்கழி. இப்போது எல்லோருக்கும் வெந்நீர்ப் பிரச்சினை. ஏப்ரலில் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து குழாயைத் திறந்தாலே கை வெந்தது, இப்போது அதே குழாயில் விரல் விறைக்கிறது.

கீசர் சூடாக நேரம் எடுக்கிறது என்றவருக்கு: போர் தண்ணீரா? அப்படியானால் உள்ளே இருக்கும் காயிலில் உப்பு சுண்ணாம்பாகப் படிந்திருக்கும். எங்களுடையதைக் கழற்றியபோது ஒரு கிண்ணம் நிறைய வெள்ளை ஓடாக வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். கீசர் பழுது சட்டத்தின் அட்டவணையில் நம் பக்கம்தான் வருகிறது என்று ஏப்ரலில் எழுதியிருந்தேன். ஆனால் கீசருக்கு எர்த் இல்லையென்றால் அது ஒயரிங், ஓனர் செய்ய வேண்டும். குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று ஒருவர் சாதாரணமாக எழுதியிருக்கிறார். இன்றைக்கே அணைத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை அடுப்பில் வெந்நீர் வையுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் ராட் பயன்படுத்துகிறவர்கள், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பள்ளிக்கு அவசரப்படும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மார்ச் 2, 2025

மேடவாக்கம் நண்பர் மறுபடி வந்திருக்கிறார். போன வருஷச் சுண்ணாம்பு மழையில் பாதி போய்விட்டது, பழைய கோட் மேலேயே அடிக்கலாமா என்கிறார். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவாகக் கையில் ஒட்டும் இடத்தை மட்டும் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டாத இடத்தில் மேலேயே ஒரு கோட் போதும்.

இன்று காலை எங்கள் ஓனர் அம்மா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். இந்த வருஷம் எத்தனை கிலோ சுண்ணாம்பு வேண்டும் என்று கேட்டார், கடையில் அவரே சொல்லிவிடுகிறாராம். ஹாலுக்கு மேலே விட்ட சதுரத்தையும் அடித்துவிடச் சொன்னார். "வடாம்?" என்றேன். மகள் வீட்டுக்குக் கடையில் வாங்கிக்கொள்கிறார்களாம், முழங்கால் வலியில் அவரால் படியேற முடியவில்லை. 28 கிலோ சொல்லியிருக்கிறேன். ஓரமாக ஒரு நாலுக்கு நாலு இடத்தை விட்டுவிட்டு, இந்த வருஷம் அவர் பிழிந்து கொடுத்தால் நானே மேலே கொண்டுபோய்க் காயவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலை.